திருச்சியிலிருந்து பலாலிக்கு 184 கிலோமீட்டர்: அதற்கு ஏன் ஒரு மணி நேரம்?

எங்கள் வீட்டு மாடியில் பல வருடங்களாகக் குடியிருக்கும் அக்காவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் விடப் போகிறார்கள் என்ற செய்தி 2025 தொடக்கத்தில் வந்தபோது, கைபேசியைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி வந்தார். யாரோ அவருக்கு தூரத்தைக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "தம்பி, இருபது நிமிசத்தில போற தூரமாம். பிறகு ஏன் ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறாங்கள்?"

அன்றைக்கு நான் ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே போட்டுப் பார்த்தால் விடை சரியாக வராது, ஏன் வரவில்லை என்று துருவிக்கொண்டு போனால் ஓடுபாதையின் நீளம், பாக் நீரிணையின் காற்று, விமானத்தின் வகை, முப்பது வருடப் போர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 10.77 பாகை, கிழக்கு 78.71 பாகையில் இருக்கிறது. பலாலி, அதாவது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், வடக்கு 9.79, கிழக்கு 80.07. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். ஆக தெற்கே இறங்க வேண்டியது கிட்டத்தட்ட 108 கிலோமீட்டர். கிழக்கே போக வேண்டியது 1.36 பாகை, ஆனால் நாம் நிலநடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதால் இங்கே ஒரு பாகை அகலம் 111ஐ விடச் சற்றுக் குறைவு, எனவே 148 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து மூன்றாவது பக்கத்தைக் கண்டால் சுமார் 184 கிலோமீட்டர். விமானிகள் பேசும் கணக்கில் 99 கடல் மைல். பூமி உருண்டை, வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்டால், லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ போகும்போது கட்டாயம் எடுக்க வேண்டும். இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இந்த 184ஐ வேறு சில எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது. திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 293 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 290 கிலோமீட்டர். ஆக, திருச்சிக்கு அதன் மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பக்கம், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்பைவிடத் திருச்சி அதே அளவு பக்கம். வரைபடத்தில் நாட்டு எல்லைகளை அழித்துவிட்டுப் பார்த்தால் இவை இரண்டும் பக்கத்து ஊர்கள். ஆனால் நம்மில் யாரும் அப்படி நினைத்துப் பழகவில்லை. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, நேரத்துக்கு வருவோம். இணையத்தில் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நேர்க்கோட்டு தூரத்தைச் சரியாகவே சொல்லும். நேரத்துக்கு மட்டும், பெரும்பாலும், ஜெட் விமானத்தின் சராசரி வேகம் ஒன்றை வைத்து வகுத்துவிடுவார்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து 184ஐ வகுத்தால் 14 நிமிடம் வரும். திருச்சியை ஒட்டிய திருவெறும்பூர் போவதற்குள் யாழ்ப்பாணமா! சிலர் ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டு 44 நிமிடம் என்பார்கள். அது பரவாயில்லை, உண்மைக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அந்த 800ஏ இங்கே பொருந்தாது, ஏனென்றால் இந்தத் தடத்தில் ஜெட் பறப்பதில்லை.

இந்தத் தடத்துக்கு வந்தது ஏடிஆர் 72 என்ற டர்போபிராப் விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறிகள் சுழலும், எழுபதிலிருந்து எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம், உயரத்தில் நிலைத்துப் பறக்கும்போது அதிகபட்சம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவு வேகம் எடுக்கும். அந்த வேகத்தில் 184 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதும். அக்காவுக்கு வந்த "இருபது நிமிசம்" இப்படிப் போட்ட கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

அந்த 22 நிமிடக் கணக்கு, விமானம் திருச்சி ஓடுபாதையின் முனையிலேயே முழு வேகத்தில் தோன்றி, பலாலி ஓடுபாதையின் முனையில் முழு வேகத்திலேயே மறைந்துபோவதாக நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் நடப்பது வேறு. விமான நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து எண்ணப்படுவதே இல்லை. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் அசைகிற கணத்தில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் முழுதாக நிற்கிற வரைக்கும் எண்ணுகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை பிளாக் டைம் என்பார்கள். பயணச்சீட்டில் நாம் பார்ப்பது இதைத்தான்.

அதை ஒவ்வொரு துண்டாகப் பார்ப்போம், எல்லாம் தோராயம்தான். கதவைச் சாத்தி, எஞ்சினை முடுக்கி, ஊர்ந்து போய் ஓடுபாதையின் முனையில் நின்று அனுமதி வாங்கிக் கிளம்ப எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். கிளம்பிய பிறகு தென்கிழக்கே திரும்பித் தன் பாதையைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் ஏற்றம். இப்படிக் குறுகிய பயணத்தில் ஏடிஆர் மிக உயரத்துக்குப் போவதில்லை, 15 ஆயிரம் அடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி என்ற வீதத்தில் ஏறினால் 13 நிமிடம், அதற்குள் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் போய்விடும். ஏறும்போது வேகமும் முழு வேகமாக இருக்காது.

இறங்குவதற்கும் இதே கதை. பயணிகளுக்குக் காது அடைக்காமல், சீரான சரிவில் இறங்க வேண்டுமென்றால் ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற ஒரு மனக்கணக்கை விமானிகள் வைத்திருக்கிறார்கள். 15 ஆயிரம் அடிக்கு 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர். இப்போது கூட்டிப் பாருங்கள். ஏற 80, இறங்க 83, மொத்தம் 163. பயணத்தின் நீளமே 184. மீதியிருக்கும் 20 கிலோமீட்டர்தான் விமானம் நிலையாக, முழு வேகத்தில், நேராகப் பறக்கும் தூரம். இரண்டு மூன்று நிமிடம். பணிப்பெண் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி முடிப்பதற்குள் விமானத்தின் மூக்கு கீழே சாய ஆரம்பித்திருக்கும்.

அதன் பிறகு ஓடுபாதைக்கு நேராக வந்து, சக்கரத்தை இறக்கி, வேகத்தை வெகுவாகக் குறைத்துத் தரை தொடுவதற்கு ஆறேழு நிமிடம், ஊர்ந்து போய் நிற்க நான்கைந்து நிமிடம். இறங்கும் 83 கிலோமீட்டருக்கு ஆகும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பது நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். மிச்சம் இருப்பது விமான நிறுவனம் முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொள்ளும் கூடுதல் நேரம். கோபுரத்திலிருந்து அனுமதி தாமதமாகலாம், முன்னால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கலாம், மழை மேகத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கலாம். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஒரு மணி நேரம் என்று அட்டவணையில் போடுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 45 நிமிடம் என்று போட்டுவிட்டு தினமும் தாமதமாகப் போவதைவிட இதுதான் நேர்மை என்பது என் எண்ணம்.

இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. இந்த ஒரு மணி நேரத்தில் 22 நிமிடம் தூரத்துக்கானது என்று வைத்துக்கொண்டால், மீதி 38 நிமிடம் தூரத்தோடு சம்பந்தமே இல்லாதது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த 38 நிமிடம் செலவாகித்தான் தீரும். அப்படியானால் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே உள்ள சுமார் 355 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக வேண்டும்? 510ஆல் வகுத்தால் 42 நிமிடம், அதோடு 38, மொத்தம் 80 நிமிடம். சென்னை – யாழ்ப்பாணம் ஏடிஆர் விமானங்களின் அட்டவணை ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவில்தான் இருந்திருக்கிறது. திருச்சி – சென்னைக்குப் போட்டாலும் 72 நிமிடம் என்று ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பானாலும் நேரம் இருபது நிமிடம்தான் கூடுகிறது. குறுகிய தடங்களில் விமானம் மெதுவாகப் போவதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம். திருச்சி – பலாலியின் சராசரி வேகம் இந்தக் கணக்கில் மணிக்கு 184 கிலோமீட்டர்தான்.

இங்கே ஒருவர் கேட்கலாம், ஜெட் விட்டால் சீக்கிரம் போகுமே என்று. போகாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. ஜெட் தன் முழு வேகத்தை எடுப்பது முப்பதாயிரம் அடிக்கு மேலே. 99 கடல் மைல் பயணத்தில் அந்த உயரத்துக்கு ஏறுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். மிஞ்சினால் ஐந்து நிமிடம் மிச்சமாகும், ஆனால் எரிபொருள் செலவு எங்கேயோ போய் நிற்கும். தாழ்வான உயரத்தில், குறைந்த தூரத்தில், குறைந்த எண்ணெயில் ஓடுவதற்கென்றே டர்போபிராப்பை வடிவமைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான காரணம் ஓடுபாதை. திருச்சியில் ஓடுபாதை கிட்டத்தட்ட 2.5 கிலோமீட்டர் நீளம், ஏர்பஸ் 320, போயிங் 737 எல்லாம் அன்றாடம் வந்து போகின்றன. பலாலியை 2019இல் திறந்தபோது பயன்பாட்டுக்குத் தயார் செய்யப்பட்ட நீளம் ஒன்றரை கிலோமீட்டரை ஒட்டியது. ஏடிஆர் முழு எடையோடு கிளம்ப ஏறத்தாழ 1300 மீட்டர் வேண்டும். ஏர்பஸ் 320க்கு முழு எடையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். ஆக எந்த விமானம் வரலாம் என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு முன்பாகவே ஓடுபாதை முடிவு செய்துவிட்டது. இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. சித்திரை வைகாசியில் காற்று சூடாகி லேசாகும்போது இறக்கைக்குக் கிடைக்கும் தாங்கும் விசையும் குறையும், எஞ்சினின் பலமும் குறையும், அதே விமானத்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் நீளம் தேவைப்படும். நீளம் கைவசம் இல்லாத இடத்தில் எடையைத்தான் குறைக்க முடியும். எடை என்றால் பயணிகள், அவர்களுடைய பெட்டிகள்.

அப்படியானால் ஓடுபாதையை நீட்டிவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பலாலி சாதாரண இடம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை அது. இலங்கை விடுதலை அடைவதற்கு இரண்டு மாதம் முன்பே, 1947 டிசம்பர் 10ஆம் தேதி, ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை டிசி 3 விமானத்தில் கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. அந்த விமானம் நின்று போன காங்கேசன்துறை விமான நிலையம்தான் இன்றைய பலாலி. ஒரு நாட்டின் விமானச் சேவை தொடங்கிய முதல் நாளிலேயே யாழ்ப்பாணமும் தமிழ்நாடும் அதன் தடத்தில் இருந்தன. திருச்சிக்கும் இதில் பழைய பங்கு உண்டு, 1938இல் டாடாவின் அஞ்சல் விமானம் சென்னையிலிருந்து கொழும்புக்கு நீண்டபோது நடுவில் நின்ற ஊர் திருச்சி.

அப்புறம் போர். 1990இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, விமான நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் 2009இல் முடிந்த பிறகும் காணிகள் உடனே திரும்பி வரவில்லை, பகுதி பகுதியாகத்தான் விடுவித்தார்கள். எனவே ஓடுபாதையை நீட்டுவது, நிலையத்தை விரிவாக்குவது என்று பேச்செடுத்தால் அதோடு சேர்ந்தே அந்தக் காணிகளின் கேள்வியும் வரும். பெரிய விமானம் வர வேண்டும், பயணச் செலவு குறைய வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் தன் வீட்டு மனையைப் பார்க்கக்கூட முடியாமல் முப்பது வருடம் காத்திருந்தவரிடம் போய் இன்னும் இருநூறு மீட்டர் கொடுங்கள் என்று கேட்பது எளிய விஷயம் இல்லை, அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது அதைவிட மோசம்.

நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனாவால் நின்றது. மறுபடி தொடங்கியது 2022 டிசம்பர் 12. இண்டிகோ 2024 செப்டம்பர் 1 முதல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டது.

இதற்கு முன்னால் எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் இந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரியும். திருச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானம். நேர்க்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல், வேனிலோ பேருந்திலோ ஆறேழு மணி நேரம். ஆக 184 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் போக ஏறத்தாழ 770 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது, யாழ்ப்பாணத்தைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டர் தெற்கே போய்விட்டு, போன தூரத்தைத் திரும்பவும் மேலே ஏறி வர வேண்டும். காலையில் கிளம்பினால் நள்ளிரவில் போய்ச் சேரலாம், அல்லது கொழும்பில் ஒரு இரவு. எங்கள் அக்கா தன் அம்மாவின் செத்தவீட்டுக்கு அப்படித்தான் போனார். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. திருச்சிக்கு யாழ்ப்பாணம் பக்கத்து ஊர் என்ற எண்ணமே நமக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். நாம் தூரத்தை மனதில் பதிய வைத்துக்கொள்வது கிலோமீட்டரில் இல்லை, எத்தனை மணி நேரம் என்றுதான்.

கடல் வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடல் தூரம் 60 கடல் மைலுக்கு அருகில், சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேர அளவு பயணம். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் போகவே சாலையில் மூன்று மணி நேரம் ஆகும், சுங்கமும் குடிவரவும் தனி. கப்பலில் போவது நல்ல அனுபவம், சாமான் கொண்டு போகிறவர்களுக்கும் தோது, ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது.

காற்று என்றதும் இன்னொரு விஷயம். எதிர்காற்று அடித்தால் பயணம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். 55 கிலோமீட்டர் வேகத்தில் முழுக்க எதிர்காற்று அடிப்பதாக வைத்தாலும் இந்த 184 கிலோமீட்டரில் கூடுவது இரண்டரை நிமிடம்தான். பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் வருகிறது. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்து நிற்க வேண்டும், அதனால் ஓடுபாதையின் எந்த முனையைப் பயன்படுத்துவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. கிழக்கு நோக்கிக் கிளம்பினால் அப்படியே கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி பலாலிப் பாதையைப் பிடித்துவிடலாம். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கு நோக்கிக் கிளம்ப வேண்டும், போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகக் கிளம்பி அரை வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும்.

பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது, யாழ்ப்பாணத்தின் இரண்டு பெரிய காற்றுகளுக்கும் ஏற்ற கிடப்பு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும் மார்கழியில் விமானம் தென்மேற்குப் பக்கமிருந்து, நிலத்தின் மேலாக வந்து இறங்கும். சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை, விமானம் நிலையத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் வடகிழக்கே போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். இந்த இரண்டு முனைகளிலும் ஆகும் சுற்றுதான் ஒரே தடத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடத்துக்குள் தரை தொடுவதற்கும், இன்னொரு நாள் ஐம்பதைத் தொடுவதற்கும் பெரும்பாலும் காரணம்.

வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் இருக்கிறது. நேர்க்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், திருச்சியிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவே கரையைத் தாண்டுகிறது. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கடல், முழுக்கப் பாக் நீரிணை. அந்தக் கடலுக்கு மேலே எங்கோ சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு விமானத்தைக் கொழும்புக் கட்டுப்பாட்டிடம் ஒப்படைக்கிறது. விமானி அலைவரிசையை மாற்றி வணக்கம் சொல்லி உயரத்தைச் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஆகாது. ஆனால் இவ்வளவு சின்னப் பயணத்தில் ஏறுவது, ஒப்படைப்பது, இறங்குவது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால் விமானிகளுக்கு உட்கார்ந்து மூச்சுவிட நேரம் கிடைக்காது.

அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரம்தான், கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேராகக் கழித்துக்கொள்ளலாம். 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தது. முதலில் ஒரு மணி நேரம், சில மாதம் கழித்து அரை மணி நேரம். அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் சிலர் இன்னமும் அரை மணி வித்தியாசம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் அக்காவுக்கு வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுக் கொடுத்தேன். விமானம் மதியம் ஒரு மணியை ஒட்டிக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், வெளிநாட்டுப் பயணம் என்பதால் பத்து மணிக்கெல்லாம் நிலையத்தில் இருக்க வேண்டும். திருச்சி நிலையம் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஒன்பதரைக்கு ஆட்டோ ஏறினால் போதும். பெட்டி போட்டு, குடிவரவு முடித்து, காத்திருந்து, பறந்து, இரண்டு மணிக்குப் பலாலி. அங்கே குடிவரவும் சுங்கமும் முடித்து வெளியே வர முக்கால் மணி நேரம் என்று வைப்போம். பருத்தித்துறைக்குச் சாலையில் அரை மணிக்கு மேல். மூன்றரை, தாமதமானால் நாலு. ஆறு மணி நேரத்தில் ஒரு மணிதான் விமானத்துக்குள், அதிலும் முழு வேகத்தில் பறப்பது மூன்று நிமிடம். நேரத்தை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் வேகமான விமானத்தைத் தேடிப் பயனில்லை. இரண்டு நிலையங்களிலும் வரிசை சீக்கிரம் நகர்ந்தால் போதும், ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

எந்தப் பக்க ஜன்னல் கேட்க வேண்டும் என்று அக்கா கேட்டார். போகும்போது இடது பக்கம் கோடியக்கரை, வலது பக்கம் தீவுப் பகுதி. சோளகக் காலத்தில் விமானி கடல் பக்கமாகச் சுற்றி இறக்கினால், திரும்புவதற்கு முன்னால் வலது பக்க ஜன்னலில் காங்கேசன்துறையிலிருந்து வல்வெட்டித்துறைப் பக்கம் வரைக்கும் கரை நீளமாகத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் பருத்தித்துறை முனையும் தெரியலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப ஆடியில ஒரு டிக்கெட் போடுங்கோ தம்பி. வலப்பக்கம்."